வாவிக்கரையிற் கபிரிஞ்ஞா

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்க நாட்டிலே தோன்றி உலகெங்கும் பரவிய றொக், சோல், ஃபங்க் முதலாய இசைவகைகளை மேலைநாட்டு இளைஞரின் வெற்றாரவாரம் என ஒதுக்குவோர் பலர். வானொலியும் இசைத்தட்டும் வாயிலாக அவை கடல் கடந்து வந்து நம் நாட்டு இளைஞரின் செவியைக் கெடுத்தன என்பது அவர்தம் முறைப்பாடு. அவை கடல் கடந்து வந்தமை மறுக்கவொண்ணாதது. எனினும், அவ்விசைகளைப் பிறப்பித்த கலப்பு யாதோ அதனை ஒத்த கலப்பொன்று அவற்றுக்கு முன்னரே மட்டக்களப்பு வாவிக்கரையில் வேரூன்றி நின்றது என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. கபிரிஞ்ஞா என வழங்கும் ஆடலிசையே அதற்குச் சான்றாகும்.

அமெரிக்கக் கதை பலரும் அறிந்தது. ஆதலின் சுருங்கக் கூறலாம். ஆபிரிக்காவினின்று அடிமைகளாய்க் கொண்டு செல்லப்பட்ட மக்களின் தாள உணர்வு ஐரோப்பியரின் நரம்புக் கருவிகளோடும் தேவாலயப் பாடல்களோடும் கலந்தது. 1954 இல் பில் ஹேலி குழுவினர் ‘றொக் அறவுண்ட் த க்ளொக்’ என்னும் பாட்டைப் பதிவு செய்தனர். அதே ஆண்டில் றே சார்ள்ஸ், வழிபாட்டுப் பாடலின் நடையிலே காதற் பாட்டைப் பாடிச் சோல் இசைக்கு வழி திறந்தார். 1965 அளவில் ஜேம்ஸ் பிறவுண் ஒவ்வொரு தாளச் சுற்றின் முதலடியை அழுத்தி, ஏனைய அடிகளைச் சிதறவிட்டு, ஃபங்க் இசைக்கு உருக்கொடுத்தார். 1970 களின் நடுப்பகுதியில் நியூயோர்க்கிலும் இலண்டனிலும் எழுந்த பங்க் இசையோ, தேர்ச்சியே வேண்டாம், துணிவு போதும் என்றது. இவற்றின் மூலவேர் ஆபிரிக்கத் தாளமும் ஐரோப்பிய நரம்பும் கூடிய கூட்டே.

இனி மட்டக்களப்பை நோக்குவோம். புளியந்தீவிலே போர்த்துக்கேயர் 1628 இல் கோட்டை கட்டத் தொடங்கினர். பத்தாண்டு கழித்து, 1638 இல், அது ஒல்லாந்தர் கைப்பட்டது. ஆட்சி மாறிய பின்னரும் போர்த்துக்கேய வழித்தோன்றல்கள் இப்பகுதியில் தங்கினர். தச்சுத் தொழிலிலும் கொல்லுத் தொழிலிலும் கைதேர்ந்த அம்மக்களைத் தமிழர் பறங்கியர் என அழைத்தனர். தாண்டவன்வெளி, சின்ன உப்போடை, டச்பார் முதலிய இடங்கள் அவர்தம் குடியிருப்புக்கள். போர்த்துக்கேயரும், பின்வந்த ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் ஆபிரிக்கரை அடிமைகளாகவும் படைவீரராகவும் இத்தீவிற்குக் கொணர்ந்தனர். அவரைத் தமிழர் காப்பிரிகள் என்றனர். புத்தளத்தை அடுத்த சிறாம்பியடியில் அவர் வழிவந்தோர் இன்றும் வாழ்கின்றனர். மஞ்ஞா என்னும் தம் பாட்டையும் மறந்திலர்.

கபிரிஞ்ஞா என்னும் சொல்லே தன் வரலாற்றைத் தாங்கி நிற்கின்றது. காப்பிரி என்பதைக் குறிக்கும் ‘கஃப்ரே’ என்ற போர்த்துக்கேயச் சொல்லோடு, சிறுமையையும் செல்லத்தையும் உணர்த்தும் ‘இஞ்ஞா’ என்னும் ஈறு சேர்ந்து அமைந்தது அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலங்கைக் குடியியற் சேவையிலிருந்த ஹியூ நெவில் திரட்டிய ஏடுகளுள் மட்டக்களப்புப் போர்த்துக்கேயப் பாடல்கள் உள்ளன. காப்பிரிப் பாடல்கள் எனத் தலைப்பிட்ட பகுதியும் உண்டு. அவ்வேடுகள் இன்று இலண்டன் பிரித்தானிய நூலகத்தில் இருக்கின்றன. பாடியோர் பறங்கியராயினும் பாட்டின் பெயரில் ஆபிரிக்கர் நினைவு அழியாதிருந்தமை இதனாற் புலனாகும்.

இவ்விசையின் உயிர் அதன் தாளத்திலே உள்ளது. ஒரு சுற்றுக்கு ஆறு சிறு எண்ணிக்கைகள். அவற்றை மும்மூன்றாக இரு கூறாக்கினால் ஒரு நடை. இவ்விரண்டாக மூன்று கூறாக்கினால் வேறொரு நடை. திசிர நடை பயின்ற கருநாடக இசை மாணவர்க்கு இக்கணக்கு புதிதன்று. ஆயின், அவ்விரு நடைகளும் ஒரே வேளையில் ஒன்றன்மேல் ஒன்றாய் ஒலிக்கும்போது செவி எதனைப் பற்றுவதென்று தடுமாறுகின்றது. கால் தானே எழுகின்றது. திருமண வீடுகளிலே வயலினும் கிற்றாரும் முன்செல்ல, றபானோ மேளமோ தாளம் இட, ஆணும் பெண்ணும் இணையிணையாய் ஆடுவர். கபிரிஞ்ஞாவோடு, ஐரோப்பிய அவைகளில் ஆடப்பெற்ற ‘லான்சர்ஸ்’ என்னும் நான்கு இணையர் கூடி ஆடும் ஆட்டமும் அங்கே இடம்பெறும்.

இவ்விரு கூறுகளோடு மூன்றாவதொன்றும் உண்டு. அதுவே தமிழ். மட்டக்களப்புப் பறங்கியரின் போர்த்துக்கேயக் கலப்புமொழியை ஆராய்ந்த இயன் ஸ்மித் என்பார் 1978 இல் அதன் ஒலியியலைப் பற்றிய நூலொன்றைத் திருவனந்தபுரத்துத் திராவிட மொழியியற் கழகத்தின் வாயிலாக வெளியிட்டார். போர்த்துக்கேய மொழியை ஆயும் நூல் திராவிட மொழியியலாரின் வெளியீடாய் வந்தமை வியப்பன்று. அம்மொழியில் வினை வாக்கியத்தின் இறுதியில் நிற்கும். வேற்றுமை உருபு பெயரின் பின்னே ஒட்டும். சொல் போர்த்துக்கேயம், தாளம் ஆபிரிக்கம், வாக்கிய அமைப்போ தமிழ். இத்தகைய முக்கூட்டு அமெரிக்க இசையிலும் காண்டற்கரிது.

கபிரிஞ்ஞாவும் அதன் உறவாகிய பைலாவும் மேற்குக் கரையிலே வேறொரு வாழ்வு பெற்றன. பைலா என்பதும் ஆடுதலைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லின் வழிவந்ததே. 1940 களில் வோலி பஸ்தியன்ஸ் என்னும் பொலிஸ் உத்தியோகத்தர் சிங்களச் சொல்லமைத்து அதனை மக்கள் பாட்டாக்கினார். 1966 இல் தோன்றிய மூன்ஸ்ரோன்ஸ் குழுவில் கிளறன்ஸ் விஜேவர்த்தன மின் கிற்றாரை மீட்டினார். 1970 இல் மொறட்டுவையில் எழுந்த ஜிப்சீஸ் குழு றொக் இசையையும் பைலாவையும் ஒன்றாக்கிற்று. தமிழிலே நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பொப்பிசை என்னும் பெயரால் பாடியவற்றில் ஒலிப்பது பெரிதும் இவ்வாறெண்ணிக்கைத் தாளமே. மனோகரன் புகழ்பரப்பிய ‘சுராங்கனி’ 1977 இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ என்னும் திரைப்படத்தின் வழியாகத் தமிழகமெங்கும் பரவிற்று. அதனைப் பாடிக் களித்தோருள் எத்துணைப் பேர் அத்தாளத்தின் ஊரை வினவியிருப்பர்? ஈழத்துப் பொப்பிசை முழுவதும் எல்விஸ் பிறெஸ்லியிடம் கடன்பட்டது என்பார் கூற்று, ஆதலின், அரைகுறையானதே.

கிழக்கிலங்கைக் கூத்துக்கும் ஒரு காலத்தில் இந்நிலையே இருந்தது. நாட்டார் ஆட்டம் எனக் கற்றோர் புறந்தள்ளிய வடமோடியைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொணர்ந்தார். 1964 இல் ‘இராவணேசன்’ அரங்கேறிய பின்னர் அதன் மதிப்பு உயர்ந்தது. கபிரிஞ்ஞாவுக்கு அத்தகைய ஆதரவு தமிழறிஞரிடமிருந்து வந்ததெனல் இயலாது. அது நம்மவர் கலையன்று என்ற எண்ணமே காரணமாகலாம். தமிழ் இலக்கணத்தைத் தன் வாக்கியத்துள் ஏற்றுக்கொண்ட பாட்டை அயலது என்று தள்ளுதல் பொருந்துமாறில்லை.

காலமும் அதற்குத் துணை நிற்கவில்லை. பறங்கியர் பலர் அவுஸ்திரேலியா முதலிய நாடுகளுக்குப் பெயர்ந்தனர். எஞ்சியோரின் பிள்ளைகள் தமிழ்மொழியிற் கற்பதால் வீட்டுமொழி முதியோர் நாவோடு நிற்கும் நிலை வந்துள்ளது. 2004 மார்கழி 26 ஆம் நாள் எழுந்த கடற்பேரலை டச்பார்க் குடியிருப்பைப் பெரிதும் அழித்தது. உயிரிழந்தோரோடு அவர் நினைவிற் கொண்டிருந்த பாடல்களும் போயின எனலாம். அதன்பின், லிஸ்பன் பல்கலைக்கழகத்து ஊகோ கார்டோசோ தலைமையிலான ஆய்வாளர் அம்மொழியையும் ஆடலிசையையும் ஒலியிலும் ஒளியிலும் பதிவு செய்தனர். அப்பாடல்களுக்குத் தாளக் குறிப்பு எழுதவும் அவற்றைத் தமிழிற் பெயர்க்கவும் இசையும் இலக்கணமும் ஒருங்கே கற்ற மாணவர் ஓரிருவர் முன்வருவராயின், அவர் லிஸ்பன் வரை செல்ல வேண்டுவதில்லை; நகரிலிருந்து கல்லடிப் பாலத்தைக் கடந்தாற் போதும்.