ஏழைக்கு ரொட்டி கொடுத்த நிலம்



இங்கிலாந்து என்றதும் அரண்மனையும் மணிமுடியும்தான் நம் கண்முன் வரும். ஆனால் 400 ஆண்டுகளுக்கு முன் அந்த நாட்டுக் கிராமங்களிலும் பசித்த வயிறுகள் இருந்தன. அவர்களின் பசியாற்றியது எது தெரியுமா? கொஞ்சம் நிலமும் ஒரு கணக்குப் புத்தகமும்தான்!

அக்காலத்தில் ஒவ்வொரு தேவாலயத்தையும் சார்ந்த ஊர், தன் ஏழைகளைத் தானே காப்பாற்ற வேண்டும். பணத்துக்கு வழி இரண்டு. ஒன்று வரி. 1601ஆம் ஆண்டுச் சட்டப்படி, வீடும் நிலமும் வைத்திருப்போரிடம் ஏழைகளுக்காக வரி தண்டினார்கள். தண்டியவர் ஆண்டு முடிவில் நீதிபதிகளிடம் கணக்கு ஒப்புவிக்க வேண்டும்.

மற்றொன்று தருமநிலம். நல்ல மனம் படைத்தவர்கள் விட்டுச் சென்ற நிலம் அது. அதன் குத்தகைப் பணத்தில் ஏழைக்கு ரொட்டி வாங்குவார்கள். விதவைக்குத் துணி எடுப்பார்கள். இடிந்த பாலத்தைப் பழுது பார்ப்பார்கள். பெரும்பாலும் நிலம் ஒருவர் பேரில் இராது. அறங்காவலர் பலர் பேரில் இருக்கும்.

கெண்ட் மாவட்டத்தில் பிட்டன்டன் என்று ஓர் ஊர். அங்கே இருந்த 20 ஏக்கர் நிலத்துக்கு 'ரொட்டி, பாலாடைக்கட்டி நிலம்' என்றே பெயர். ஒட்டிப் பிறந்த இரு சகோதரிகள் கொடுத்தது என்பது ஊரார் சொல்லிவரும் கதை. ஈஸ்டர் திருநாளன்று அதன் வருமானத்தில் ஏழைகளுக்கு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வழங்கினார்கள்.

17ஆம் நூற்றாண்டின் நடுவில் அந்த ஊர்ப் பாதிரியாரே, "இது பாதிரியாருக்கு விட்ட மானிய நிலம், எனக்குத்தான் சேரும்" என்று கிளம்பிவிட்டார். வேலியே பயிரை மேயப் பார்த்தது! வழக்கு நடந்தது. 1649இல் தீர்ப்பு தருமத்தின் பக்கம். அவர் விடவில்லை. 1656இல் மீண்டும் வழக்கு. மீண்டும் தருமமே வென்றது. 1907இல் அந்த நிலம் வீடு கட்ட விற்கப்பட்டது. அந்தப் பணத்தின் வருமானத்தில் தருமம் தொடர்ந்தது.

எல்லா ஊருக்கும் இந்தப் பாக்கியம் கிட்டவில்லை. சில ஊர்களில் பத்திரம் தொலைந்தது. சில ஊர்களில் காவலரே வேண்டியவருக்கு அடிமாட்டு விலைக்குக் குத்தகை விட்டார். அதனால்தான் 1601இலேயே தருமச் சொத்தை விசாரிக்கத் தனிச் சட்டமும் வந்தது. பின்னாளில், யார் எதைக் கொடுத்தார் என்பதைப் பலகையில் எழுதி, எல்லாரும் பார்க்கத் தேவாலயச் சுவரில் மாட்டினார்கள்.

கொடுத்தவர் கை பெரிது. காத்தவர் கண் அதைவிடப் பெரிது. ஆகவே பெரியோர்களே, பொதுக் கூட்டத்தில் கணக்கு வாசிக்கும்போது, "நமக்கென்ன?" என்று எழுந்து போய்விடாதீர்கள். உட்கார்ந்து கேளுங்கள். புரியாவிட்டால் கேள்வி கேளுங்கள். தம்பி தங்கைகளே, கணக்குப் பாடத்தை நன்றாகப் படியுங்கள். நாளைக்குப் பொதுப்பணத்தைக் காக்கப் போகிறவர்கள் நீங்கள்தான்!