மிஸ் அடிக்கும் எஞ்சின்: ஒரு பழுதறி முறையின் வரலாறு

பெட்ரோல் எஞ்சினின் ஏதேனும் ஒரு சிலிண்டரில் எரிபொருள் கலவை உரிய நேரத்தில் பற்றாமலோ அரைகுறையாக எரிந்தோ போவதைத் தமிழகப் பட்டறைகளில் ‘மிஸ் அடிப்பது’ என்பர். இதைக் கண்டறியும் முறை, சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்து 1910ஆம் ஆண்டின் கெடிலாக் கார்களில் இடம்பெற்ற பேட்டரி மின்பொறி அமைப்பை ஒட்டி வளர்ந்தது. சுழலும் கேம் ‘பாயிண்ட்’ எனப்படும் தொடுமுனைகளைத் திறந்து காயிலின் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் கணத்தில் உயர் மின்னழுத்தம் பிறக்க, டிஸ்ட்ரிபியூட்டர் அதை ஒவ்வொரு பிளக்கிற்கும் முறை வைத்துப் பகிர்ந்தளிப்பதே அவ்வமைப்பின் சாரம்.

உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த அம்பாசடர் காரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சினும் இவ்வமைப்பில் இயங்கியதே. பாயிண்டுகளுக்கு இடையே ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். கேமில் உரசும் பகுதி தேயத் தேய அவ்விடைவெளி குறைந்து பொறி வலுவிழக்கும். பாயிண்டில் தீப்பொறி எழாமல் காக்கும் கண்டன்சர் கெட்டாலோ முனைகள் கருகிக் குழிவிழும். கார்புரேட்டர் மீது சுமத்தப்பட்ட பழிகளில் பல உண்மையில் இவ்விரண்டிற்கும் உரியவை.

எஞ்சின் ஓடும்போதே பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றும் வழக்கம் இச்சூழலில் வேரூன்றியது. கழற்றியதும் வேகம் குறைந்தால் அந்தச் சிலிண்டர் உழைக்கிறது என்றும், மாற்றமே இல்லையெனில் பழுது அங்கேதான் என்றும் பொருள். பின்பு பிளக்கை எடுத்து அதன் நிறத்தைப் பார்ப்பர்: இளம்பழுப்பு நலத்தையும், உலர்ந்த கரி பெட்ரோல் மிகுந்த கலவையையும், எண்ணெய்ப் பிசுக்கு பிஸ்டன் ரிங்கின் தேய்மானத்தையும், வெளுப்பு காற்று மிகுந்த கலவையையோ மிகைவெப்பத்தையோ காட்டும். ஐயம் நீடித்தால் அந்தப் பிளக்கை வேறொரு சிலிண்டருக்கு மாற்றுவர். பழுதும் உடன் நகர்ந்தால் குற்றம் பிளக்கினுடையது, நகராவிடில் வயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, வால்வு என்று தேடல் விரியும். அளவுக்கருவி எதுவும் கேட்காத இச்சோதனையே அக்கால மெக்கானிக்குகளின் மிகச் சிறந்த தர்க்கம் எனலாம்.

1970களில் மின்னணுப் பொறியமைப்பு பரவியதும் பாயிண்டுகள் மெல்ல மறைந்தன. 1996 முதல் அமெரிக்காவில் கட்டாயமாக்கப்பட்ட ஓபிடி-2 என்னும் தற்பரிசோதனை முறையில், கிராங்க் ஷாஃப்டின் சுழற்சி வேகத்தில் நேரும் நுண்ணிய தளர்வைக் கொண்டு கணினியே மிஸ்ஸை உணர்கிறது. பி0301 என்னும் குறியீடு முதல் சிலிண்டரைச் சுட்டுமே தவிர, பழுது பிளக்கிலா, காயிலிலா, இன்ஜெக்டரிலா என்று சொல்லாது. ஆதலால் சிலிண்டருக்கொரு காயில் உள்ள கார்களில் அக்காயிலை இரண்டாம் சிலிண்டருக்கு மாற்றி, குறியீடு பி0302 ஆகிறதா என்று இன்றும் பார்க்கின்றனர்.