பெயர் எழுதிய தாள்கள்

வகுப்பறையில் நெய்தற் பாடல்களை நடத்தும்போதெல்லாம் 'ஆற்றுதல்' என்ற சொல்லருகே சற்று நின்றுவிடுவது நம் வழக்கம். பாலை ஆற்றுகிறோம், புண் ஆறுகிறது, தலைவி பிரிவை ஆற்றியிருக்கிறாள், ஆற்றாதவளைத் தோழி ஆற்றுவிக்கிறாள், கடமையையும் ஆற்றத்தான் செய்கிறோம். தணித்தல், பொறுத்தல், செய்தல் என்ற மூன்று பொருளும் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருக்கின்றன. போரில் சிதைந்த குழந்தை மனத்தைக் கலை ஆற்றும் என்று இன்று பலரும் எழுதுகிறார்கள். அவர்கள் இம்மூன்றில் எதைக் கருதுகிறார்கள் என்ற ஐயம் நமக்கு நெடுநாளாக உண்டு. அந்த ஐயத்தோடு செக் நாட்டின் தெரேசின் நகர வரலாற்றைத் திரும்பிப் பார்க்கலாம்.

பிராக் நகருக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ள தெரேசின், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பேரரசர் இரண்டாம் ஜோசப் எழுப்பித் தம் தாய் மரியா தெரசாவின் பெயரைச் சூட்டிய கோட்டை நகரம். 1941 நவம்பரில் நாஜிகள் அதை யூதர்களை அடைத்து வைக்கும் இடமாக மாற்றினார்கள். சுமார் 1,40,000 பேர் அங்கே கொண்டுவரப்பட்டனர். பசியாலும் நோயாலும் அங்கேயே இறந்தவர்கள் ஏறத்தாழ 33,000 பேர். ஏறத்தாழ 88,000 பேர் ஆஷ்விட்ஸ் முதலிய கொலைக்களங்களுக்கு ரயிலேற்றப்பட்டனர். சிறுவர்களும் சிறுமியரும் பெற்றோரைப் பிரிந்து தனித்தனி இல்லங்களில் தங்கவைக்கப்பட்டார்கள். அவர்களுக்குப் பாடம் கற்பிப்பதற்குத் தடை இருந்தது. ஆனால் பாடுவதையும் வரைவதையும் நாஜிகள் பொருட்படுத்தவில்லை.

1942 டிசம்பரில் அங்கு வந்து சேர்ந்தார் ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ். 1898இல் வியன்னாவில் பிறந்த அவர், ஓவிய ஆசிரியர் யொஹான்னஸ் இட்டனிடம் பயின்று, அவரைப் பின்தொடர்ந்து வைமாரின் புகழ்பெற்ற பௌஹவுஸ் பள்ளிக்குச் சென்றவர். ஓவியம், நெசவு, அறைகலன், மேடையமைப்பு எனப் பல கலைகளில் தேர்ந்தவர். இடதுசாரிச் செயல்பாட்டுக்காக 1934இல் சிறைப்பட்டு, பின் பிராகில் குடியேறினார். தெரேசினுக்குப் புறப்படுகையில் ஒருவருக்கு 50 கிலோ சுமை மட்டுமே அனுமதி. அந்த அளவுக்குள் அவர் வண்ணங்களையும் தாள்களையும் எடுத்துக்கொண்டார்.

அவருடைய வகுப்பைப் பற்றி நாம் முதலில் கவனிக்க வேண்டியது, அங்கே அவர் எதைக் கேட்கவில்லை என்பதைத்தான். கண்ட கொடுமையை வரையுங்கள் என்று அவர் குழந்தைகளிடம் கேட்கவில்லை. இட்டனிடம் கற்ற தாளப் பயிற்சிகளில் தொடங்கினார். கையின் அசைவு கோடாக மாறுவதைக் குழந்தைகள் உணர்ந்தார்கள். பழைய அலுவலகத் தாள்களைக் கிழித்து ஒட்டி நிலக்காட்சிகள் செய்தார்கள். பூச்சாடி, சாப்பாட்டு மேசை, விட்டுவந்த வீடு ஆகியவற்றை வரைந்தார்கள். 1943இல் குழந்தை ஓவியம் பற்றி அவர் ஆற்றிய உரையிலும், குழந்தைகளைக் கலைஞர்களாக்குவதைவிட அவர்களுக்குள் இருக்கும் ஆக்க வலிமையைக் காப்பதே முதன்மையானது என்ற எண்ணமே ஓடியது. இன்னொன்றையும் அவர் வற்புறுத்தினார்: ஒவ்வொரு குழந்தையும் தன் தாளில் தன் பெயரை எழுத வேண்டும். போக்குவரத்துப் பட்டியலில் எண்ணாகிவிட்ட பிள்ளைகளுக்கு அது சிறிய செயலாக இருந்திருக்க முடியாது.

அதே காலத்தில், எல் 410 என்று குறிக்கப்பட்ட சிறுமியர் இல்லத்தில் இருந்தார் ஹெல்கா வைஸ்ஸோவா. 1941 டிசம்பரில் அங்கு வந்தபோது அவருக்கு வயது 12. பனிமனிதன் செய்யும் குழந்தைகளை வரைந்து, ஆண்கள் குடியிருப்பில் இருந்த தந்தைக்கு மறைவாக அனுப்பினார். கண்ணில் படுவதை வரை என்று தந்தையிடமிருந்து மறுமொழி வந்தது. அதன்பின் அவர் ரொட்டி வரிசையையும் மூன்றடுக்குப் படுக்கைகளையும் ரயிலுக்கான அழைப்பையும் வரைந்தார். 1944 அக்டோபரில் ஹெல்காவும் தாயும் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர் தந்துசென்ற ஓவியங்களை உறவினர் ஒருவர் சுவருக்குள் வைத்துப் பூசி மறைத்தார். தாயும் மகளும் 1945 மே மாதம் மௌதௌசென் முகாமில் விடுதலை பெற்றனர். தந்தை திரும்பவில்லை. ஹெல்கா பிராகில் ஓவியம் பயின்று, ஓவியராகவே வாழ்ந்தார்.

இங்கே இரண்டு வழிகளைக் காண்கிறோம். கண்டதை வரைந்து சாட்சியாவது ஒன்று. சாட்சிச் சுமையைச் சற்று இறக்கிவைத்து, ஒரு மணிநேரமேனும் கண்ணையும் கையையும் தனக்குரியதாக்கிக்கொள்வது இன்னொன்று. எது சிறந்தது என்ற வழக்கில் நமக்கு ஆர்வமில்லை. துன்பத்தை வெளியே கொட்டிவிட்டால் புண் ஆறிவிடும் என்ற எளிய நம்பிக்கையை மட்டும் ஃப்ரீடலின் வகுப்பு மறுக்கிறது என்பதைக் குறித்துக்கொள்வோம்.

கணவர் பாவெல் ரயிலேற்றப்பட்ட பின், அவரைத் தொடர்ந்து 1944 அக்டோபர் 6 அன்று ஃப்ரீடலும் ஆஷ்விட்ஸுக்குப் புறப்பட்டார். அங்கே அக்டோபர் 9 அன்று கொல்லப்பட்டார். பாவெல் உயிர் பிழைத்தார். ஃப்ரீடல் விட்டுச்சென்ற இரண்டு பெட்டிகளில் குழந்தைகள் வரைந்த சுமார் 4,500 தாள்கள் இருந்தன. இல்லப் பொறுப்பிலிருந்த வில்லி குரோக் 1945இல் அவற்றைப் பிராக் யூதச் சமூகத்தாரிடம் ஒப்படைத்தார். அவற்றை வரைந்த பிள்ளைகளில் மிகப் பலர் கொல்லப்பட்டிருந்தார்கள்.

இந்த இடத்தில்தான் நம் ஐயம் கூர்மையடைகிறது. பிழைக்காத குழந்தையைக் கலை ஆற்றியது என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது? பேரழிவின்மேல் அழகிய திரை போடுவதாக அது ஆகிவிடாதா? 1944 ஜூனில் செஞ்சிலுவைச் சங்கத்தினர் பார்வையிட வந்தபோது, தெரேசினை வண்ணம் பூசி மலர்ச்செடி நட்டு அழகுபடுத்திக் காட்டியவர்கள் நாஜிகளே. அழகு பொய்க்கும் பணிசெய்யும் என்பதை அந்த ஊரே நமக்குச் சொல்கிறது.

ஆயினும் நாஜிகள் பூசிய வண்ணம் வெளியே இருந்து வந்தவர்களின் கண்ணுக்காகப் பூசப்பட்டது. குழந்தைகள் தாளில் இட்ட வண்ணத்துக்கு அப்படியொரு நோக்கம் இல்லை. வரையும் அந்த நேரத்தில் அது அவர்களுக்கே உரியதாக இருந்தது. பின்னால் நேர்ந்த சாவு, முன்னால் வாழப்பட்ட அந்த நேரத்தைப் பொய்யாக்கிவிடாது என்றே நாம் கருதுகிறோம். தணித்தல் என்ற பொருளில் அங்கே ஆற்றுதல் நிகழ்ந்ததா என்பதை நாம் அறிய வழியில்லை. பொறுத்தல், செய்தல் என்ற பொருள்களில் அது நிகழ்ந்தது என்பதற்குத் தாள்கள் இருக்கின்றன.

பிழைத்தவர்களிடம் அந்த வகுப்பு சென்றதற்கும் சான்று உண்டு. வியன்னாவில் சிறுமியாக ஃப்ரீடலிடம் கற்ற எடித் கிராமர், ஜெர்மனியிலிருந்து தப்பிவந்த அகதிக் குழந்தைகளுக்குப் பிராகில் ஃப்ரீடல் நடத்திய வகுப்புகளில் உடன் உழைத்தவர். 1938இல் அமெரிக்கா சென்று, நியூயார்க்கில் அல்லலுற்ற சிறுவர்களோடு பல ஆண்டுகள் பணிபுரிந்து, 1958இல் தம் அனுபவத்தை நூலாக்கினார். ஓவியத்தை நோயறியும் கருவியாக்காமல், படைக்கும் செயலே மருந்து என்ற கொள்கையைக் கலைவழி மருத்துவத்தில் நிலைநிறுத்தியவர்களுள் அவர் முதன்மையானவர். 2014இல் மறைந்தார்.

பிராகின் பிங்காஸ் தொழுகைக்கூடத்தின் சுவர்களில் கொல்லப்பட்ட சுமார் 78,000 பேரின் பெயர்கள் எழுதப்பட்டுள்ளன. அக்கட்டடத்தின் மேல்தளத்தில் தெரேசின் குழந்தைகளின் ஓவியங்கள் வைக்கப்பட்டிருக்கின்றன. சுவரிலுள்ள பெயர்களைப் பின்வந்தவர்கள் எழுதினார்கள். ஓவியத் தாள்களில் உள்ள பெயர்களைக் குழந்தைகள் தம் கையாலேயே எழுதினார்கள். இனி வகுப்பில் 'ஆற்றுதல்' என்ற சொல் வரும்போது, தோழி தலைவிக்குச் சொல்லும் தேறுதலோடு இந்தத் தாள்களையும் மாணவர்களுக்கு நினைவூட்டலாம் என்றிருக்கிறோம்.