அஸ்தம்பட்டியில் எத்தனை எழுத்து?

கணினி நிரல் எழுதப் பழகுபவர்களுக்குக் கொடுக்கப்படும் முதல் பயிற்சிகளில் ஒன்று, ஒரு சொல்லில் எத்தனை எழுத்து இருக்கிறது என்று எண்ணுவது. அடுத்தது, சொல்லைத் திருப்பிப் போட்டு முன்னும் பின்னும் ஒன்றுபோல் வருகிறதா என்று சோதிப்பது. பிரையன் கெர்னிகனும் டென்னிஸ் ரிட்சியும் 1978இல் வெளியிட்ட சி மொழிப் புத்தகத்தின் முதல் அத்தியாயத்திலேயே எழுத்து, வரி, சொல் ஆகியவற்றை எண்ணும் சிறு நிரல்கள் வந்துவிடுகின்றன. ஆங்கிலத்தில் இது பத்து நிமிட வேலை. தமிழில் அப்படியல்ல. இந்தச் சின்னப் பயிற்சிக்குப் பின்னால் ஒரு வரலாறே இருக்கிறது.

சேலம் மாநகராட்சியின் நான்கு மண்டலங்களில் ஒன்றான அஸ்தம்பட்டியின் பெயரையே எடுத்துக்கொள்ளலாம். பள்ளிப் பிள்ளை விரல் விட்டு எண்ணினால் அ, ஸ், த, ம், ப, ட், டி என 7 எழுத்து. பைத்தான் 3இன் நீளம் காணும் கட்டளை 11 என்கிறது. பழைய பைத்தான் 2, யுடிஎஃப்-8 முறையில் சேமித்த அதே சொல்லை பைட்டுகளாக எண்ணி 33 என்றது. யாப்பு தெரிந்த புலவர் ஒற்றெழுத்துகளைத் தள்ளிவிட்டு 4 என்பார். நான்கு விடையும் சரிதான். எதை எண்ணுகிறோம் என்பதில்தான் வேறுபாடு.

எண்ணுவது நமக்குப் புதிதல்ல

கட்டளைக் கலித்துறையில் நேரசையில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்து, நிரையசையில் தொடங்கும் அடிக்கு 17 எழுத்து, ஒற்று கணக்கில் வராது என்பது விதி. அந்தப் பாட்டை எழுதிய ஒவ்வொரு புலவரும் எழுத்தை எண்ணித்தான் எழுதினார்.

திருப்பிப் போடும் பயிற்சிக்கும் நம்மிடம் பழைய பெயர் உண்டு: மாலைமாற்று. தண்டியலங்காரம் இதைச் சொல்லணிகளில் சேர்க்கிறது. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் சீர்காழியைப் பற்றி ஒரு பதிகம் முழுவதையும் மாலைமாற்றாகவே பாடியிருக்கிறார். எல்லோருக்கும் தெரிந்த சிறிய உதாரணம் ‘விகடகவி’.

ஆனால் ‘விகடகவி’யைச் சாதாரண நிரலிடம் கொடுத்தால், இது திருப்பினால் ஒன்றாக வராது என்று சொல்லிவிடும்! காரணம், கணினிக்குள் ‘வி’ என்பது ஒன்றல்ல, ‘வ’வும் இகரக் கொக்கியுமாக இரண்டு. திருப்பும்போது கடைசியில் இருந்த கொக்கி எந்த எழுத்தோடும் ஒட்டாமல் முதலில் வந்து நிற்கும். முதல் ‘வி’யின் கொக்கி பக்கத்திலிருந்த ‘க’வைப் பிடித்துக்கொண்டு ‘கி’ ஆகிவிடும்.

256 இடத்துக்குள் 247 எழுத்து

1963இல் அமெரிக்காவில் வந்த ஆஸ்கி குறியீட்டில் 128 இடங்கள். ஆங்கிலத்துக்கு அது தாராளம். பின்னர் 8 பிட் முறையில் இடங்கள் 256 ஆயின. பாதியை ஆங்கிலத்துக்கு விட்டால் மீதி 128. தமிழுக்கோ 247 எழுத்து. எனவே கொம்பு, கால், கொக்கி என எழுத்தின் துண்டுகளைத் தனித்தனியாக வைத்தார்கள். ‘கெ’ என்று சேமிக்கும்போது கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் கொம்பு முதலில், ‘க’ பிறகு. ஆளுக்கொரு எழுத்துரு, எழுத்துருவுக்கொரு வரிசை. ஒன்றில் தட்டியதை இன்னொன்றில் திறந்தால் புரியாத குறிகள்தான் தெரியும்.

இதைச் சரிசெய்ய இணையத் தமிழர்கள் கூடி உருவாக்கியது திஸ்கி. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து, டாம், டாப் என்ற குறியீடுகளையும் தமிழ் 99 விசைப்பலகையையும் தமிழக அரசு தரப்படுத்தியது. இவையெல்லாம் பெரும்பாலும் எழுத்தின் வடிவத்தைச் சேமித்தவை.

புள்ளி வைப்பதா, எடுப்பதா?

1991இல் வெளியான யூனிகோடு, இந்திய மொழிகளுக்கென 1988இல் வந்த இஸ்கி அமைப்பைப் பின்பற்றியது. எல்லா இந்திய மொழிகளுக்கும் ஒரே சட்டகம் என்பது இஸ்கியின் எண்ணம். அதில் ‘க’ என்ற அகரமேறிய எழுத்துதான் அடிப்படை. அதன் மேல் புள்ளி என்ற தனிக் குறியைச் சேர்த்தால் ‘க்’.

தொல்காப்பியம் சொல்வது நேர் எதிர். அங்கே ‘க்’ என்ற மெய்தான் முதல். புள்ளி நீங்கி அகரம் ஏறினால் ‘க’. ஆக, நம் இலக்கணப்படி கூட்டிப் பெற வேண்டிய எழுத்து கணினிக்கு அடிப்படை ஆனது, அடிப்படையான எழுத்து கூட்டல் ஆனது. அஸ்தம்பட்டியின் 7 எழுத்து 11 ஆன கதை இதுதான்: மூன்று புள்ளிகளும் ஒரு கொக்கியும் தனியாக எண்ணப்படுகின்றன.

அகரவரிசையிலும் இதே சிக்கல். யூனிகோடு எண்ணின்படி வரிசைப்படுத்தினால் ‘ன’கரம் ‘ப’கரத்துக்கு முன்னால் வந்துவிடும். தமிழ் அகராதியில் அது மெய்களில் கடைசி. ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் இடம் தரும் டேஸ்-16 குறியீட்டை யூனிகோடோடு சேர்த்துத் தமிழக அரசு 2010இல் அங்கீகரித்தது. ஆனால் உலகம் முழுவதும் பரவியது யூனிகோடுதான்.

இரண்டே விதிகள்

இதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. வருவது உயிர்க்குறியோ புள்ளியோ என்றால் முந்தைய எழுத்தோடு ஒட்டு. வேறு எதுவானாலும் புது எழுத்தாகத் தொடங்கு. இந்த இரண்டு விதியை நிரலில் எழுதினால் அஸ்தம்பட்டி 7 ஆகும், விகடகவி திரும்பியும் விகடகவியாகவே வரும். புள்ளியில் முடிபவற்றைத் தள்ளினால் புலவரின் 4 கிடைக்கும். ஓப்பன்-தமிழ் என்ற கட்டற்ற பைத்தான் நிரலகத்தில் எழுத்து பிரிக்கும் வசதி தயாராகவே உள்ளது. 2014இல் வந்த ஸ்விஃப்ட் மொழி, பயன்படுத்துவோர் கண்ணுக்கு எழுத்தாகத் தெரிவதையே எண்ணுவதால் நேராக 7 என்கிறது.

இது வெறும் இலக்கண விவாதம் இல்லை, காசு விஷயமும்கூட. ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கிலத்துக்கு 160 இடம், தமிழுக்கு 70 இடம். அந்த எழுபதும் குறிகளின் கணக்கு, எழுத்துகளின் கணக்கு அல்ல. இடைவெளி விடாமல் அஸ்தம்பட்டியை ஆங்கில எழுத்தில் 13 முறை அனுப்பலாம், தமிழில் 6 முறைதான். ஆயிரக்கணக்கில் செய்தி அனுப்பும் கடைக்கும் வங்கிக்கும் இது செலவுக் கணக்கில் வந்து நிற்கும். விண்ணப்பப் படிவத்தில் ‘20 எழுத்துக்குள் பெயர்’ என்று நிரல் எழுதியவர் எதை எண்ணினார் என்பதைப் பொறுத்துத் தமிழ்ப் பெயர் முழுதாக நிற்கும், அல்லது பாதியில் வெட்டுப்படும்.

எழுத்து என்றால் என்ன என்று நம் இலக்கண ஆசிரியர்கள் எப்போதோ வரையறுத்துவிட்டார்கள். அதைக் கணினிக்குச் சொல்லிக் கொடுப்பது மட்டுமே பாக்கி. அந்த வேலையைத் தொடங்க, முதல் பாடத்தில் வரும் இந்த எண்ணும் பயிற்சியே போதும்.