குடிலில் நிற்கும் திமில் காளை

இராயபுரத்தில் நம் சிறுவர் கிறிஸ்து பிறப்புக் குடிலுக்குக் களிமண்ணில் மாடு செய்தால் திமிலும் வைத்தே செய்வர். கடையில் வாங்கும் மேலைநாட்டுப் பாணிப் பொம்மைக்குத் திமில் இராது. பெத்லகேமில் ஏது திமில் மாடு என்று அதைத் திருத்த முனைவோரும் நம்மிடையே உண்டு.

லூக்கா நற்செய்தியில் தீவனத் தொட்டி உண்டு. மாடும் இல்லை, கழுதையும் இல்லை. தம் உரிமையாளரை அறியும் அவ்விரு விலங்குகளைப் பற்றி இறைவாக்கினர் எசாயா உரைத்ததைத் திருச்சபைத் தந்தையர் இத்தொட்டியோடு இணைத்துக் கண்டனர். மிலான் நகரின் புனித அம்புரோசியார் ஆலயத்திலுள்ள 4ஆம் நூற்றாண்டுக் கற்பேழையில் குழந்தையின் அருகே இவ்விரண்டுமே நிற்கின்றன. அன்னை மரியாகூட அங்கில்லை! 1223இல் அசிசியார் கிரேச்சோவில் உயிருள்ள விலங்குகளையே நிறுத்தினார்.

அந்த மாடு எவ்வினம்? திமில் மாடு சிந்துவெளிப் பகுதியில் ஏறத்தாழ 8000 ஆண்டுகளுக்கு முன் பழக்கப்பட்டது. பழங்கால மாட்டெலும்புகளின் மரபணுக்களை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வு, ஏறத்தாழ 4200 ஆண்டுகளுக்கு முன், நெடிய வறட்சியை ஒட்டி, மேற்காசிய மந்தைகளில் திமில் காளைகளின் மரபு விரைந்து கலந்ததாகக் காட்டுகிறது. வெயிலையும் வறட்சியையும் தாங்கும் இனமன்றோ அது! ஆண்டவர் பிறந்தபோது அக்கலப்புக்கு வயது இரண்டாயிரத்துக்கும் மேல். ஆகவே சிறுவர் வைத்த திமிலை நாம் கிள்ளியெறிய வேண்டியதில்லை.

கழுதையோ ஆப்பிரிக்காவில் ஏறத்தாழ 7000 ஆண்டுகளுக்கு முன் பழக்கப்பட்டது. வண்ணாரப்பேட்டையில் அழுக்கு மூட்டை சுமந்தவையும் அவ்வழி வந்தவையே.