மகளிர் கூடைப்பந்தும் வெற்றிருக்கைகளும்

சில ஆண்டுகளுக்கு முன், இத்திருவனந்தபுரத்தில் நடந்த மகளிர் கூடைப்பந்துப் போட்டியொன்றுக்கு என் மகளை அழைத்துச் சென்றிருந்தேன். இருக்கைகளிற் பெரும்பாலானவை வெறுமையாய்க் கிடந்தன. "இத்துணை நன்றாக ஆடுகிறார்களே, ஏன் அப்பா ஒருவரும் வரவில்லை?" என்றாள். அவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்து.

பெண்கள் ஆட்டத்தில் விறுவிறுப்பில்லை என்பர் சிலர். வரலாறு கூறும் விடை வேறு. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் இவ்வாட்டத்தை வகுத்தார். மறு ஆண்டே செண்டா பெரன்சன் அம்மையார் அதனை ஸ்மித் மகளிர் கல்லூரியிற் புகுத்தினார். ஆயின் 1893 மார்ச்சில் அங்கு நடந்த போட்டியைக் காண ஆடவர்க்கு இடமில்லை. பந்தைப் பறிக்கலாகாது, களத்தில் தமக்குரிய பகுதியைத் தாண்டலாகாது என மகளிர்க்குத் தனி விதிகளும் எழுந்தன. தொட்டிலிலேயே திரையிட்ட ஆட்டத்திற்குப் பார்வையாளர் எங்ஙனம் பெருகுவர்?

ஒலிம்பிக்கில் ஆடவர் கூடைப்பந்து 1936-இல் இடம்பெற்றது. மகளிர்க்கு 1976-இல்தான் வாயில் திறந்தது. அமெரிக்காவில் இன்றைய ஆடவர் தொழில்முறைக் கழகத்தின் தோற்றம் 1946. மகளிர் கழகத்தின் தோற்றம் 1996. அரை நூற்றாண்டு இடைவெளி! எனினும் 2024-இல் அந்நாட்டுக் கல்லூரி மகளிர் இறுதியாட்டத்தைத் தொலைக்காட்சியிற் கண்டோர், ஆடவர் இறுதியாட்டத்தைக் கண்டோரினும் மிகுதி. திரை விலகியதும் கூட்டம் வந்தது.

நம் நாட்டில் வீராங்கனையரைத் தாங்கி நிற்பவை ரயில்வே, மின்வாரியம் போன்ற நிறுவனங்களே. கோட்டயத்துப் பெண்மணி கீது அன்னா ஜோஸ் நம் தென்னக ரயில்வேயில் பணியாற்றி ஆடியவர். 2011-இல் அமெரிக்க மகளிர் தொழில்முறை அணிகளின் தேர்வுக்குச் சென்றார். 2014-இல் அர்ஜுனா விருது பெற்றார். 2018 ஜனவரியில் சென்னையில் கேரள மகளிர் ரயில்வே அணியை வென்று தேசிய வாகை சூடினர். ரயில்வே எழுத்தனாகிய யானே இதனை மறுநாட் செய்தித்தாளின் மூலையிற்றான் கண்டேன்!

அலுவலகம் சோறிட்டது, அது பெருந்தொண்டு. ஆனால் ஊர்ப்பெயர் தாங்கி, ஆண்டுதோறும் குறித்த நாளில் ஆடும் தொழில்முறை மகளிர் அணிகள் இங்கு வேரூன்றவில்லை. 'எம் ஊர், எம் அணி' என்னும் உரிமையுணர்வு இல்லாவிடத்துக் கூட்டம் கூடுமோ?

குறை ஆட்டத்திலன்று, காணாத நம்மிடத்தும் உண்டு. அடுத்த போட்டிக்கு நம் குடியிருப்பிலிருந்து பத்துக் குடும்பங்களேனும் செல்வோமாக. என் மகளுக்கு அதுவே தக்க விடையாகும்.