மலையடித் துறை – 9: இரண்டு தண்டவாளங்கள்

சென்ற வாரம் தேயிலைப் பெட்டிகளை டாப் ஸ்டேஷன் விளிம்பில் இறக்கி வைத்துவிட்டு நிறுத்தினோம். காலடியில் மேகம். மேகத்துக்குக் கீழே கொட்டகுடி. அதற்கும் கீழே, கிழக்கே, வெயில் காயும் போடிநாயக்கனூர். அந்தப் பெட்டிகள் லண்டன் மின்சிங் லேன் ஏலத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

மூணாறிலிருந்து விளிம்பு வரை வந்தது சுலபம். 1902இல் அங்கே ஒற்றைத் தண்டவாளம் போட்டிருந்தார்கள். வண்டியின் சிறு சக்கரங்கள் அந்த ஒரே தண்டவாளத்தில் ஓடும். பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம் தரையில் உருண்டு, வண்டி சாயாமல் தாங்கும். இழுத்தவை மாடுகள். 1908இல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகலப் பாதை போட்டு நீராவி எஞ்சினை ஓட்டினார்கள். ஐயாயிரம் அடிக்கு மேலே, குண்டளைப் பள்ளத்தாக்கில், புகை விட்டுக்கொண்டு ஒரு குட்டி ரயில்!

ஆனால் விளிம்போடு அதன் ஆட்டம் முடிந்தது. அந்தச் சரிவில் எந்த ரயிலும் இறங்காது. அங்கிருந்து ரோப்வேதான். கம்பிவடத்தில் தொங்கியபடி பெட்டிகள் கொட்டகுடிக்கு இறங்கின. அதே வடத்தில் அரிசி மேலே ஏறியது. மூணாறு வரலாறு என்றால் துரைமார் கதையாகவே எழுதப்பட்டிருக்கிறது. தோட்டத்தில் கொழுந்து பறித்த தமிழ்ச் சனங்களின் உலையில் கொதித்தது கீழே விளைந்த அரிசி என்பதை யாராவது அழுத்தி எழுத வேண்டாமா?

கொட்டகுடியில் மாட்டுவண்டிகள் காத்திருக்கும். ஆற்றோரப் பாதையில் போடிக்கு வந்து, அங்கிருந்து தேனி, பெரியகுளம், வத்தலக்குண்டு தாண்டி அம்மையநாயக்கனூர் ரயிலடி. இன்று கொடைக்கானல் ரோடு என்கிறோமே, அதே ஸ்டேஷன். 1876 முதல் மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் ரயில் ஓடியதால், அங்கே ஏற்றிவிட்டால் கப்பல் வரைக்கும் கவலையில்லை. கவலையெல்லாம் மலையடிக்கும் ரயிலடிக்கும் நடுவில்தான். அச்சு முறியும், மழையில் சக்கரம் புதையும், மாடு படுத்துவிடும்.

போடி என்ற ஊரின் குணத்தை உண்டாக்கியது இந்த நடுவழிதான் என்று நான் நினைக்கிறேன். கடலே இல்லாத துறைமுகம் அது. மலைக்கு அந்தப் பக்கம் விளைவது இந்தப் பக்கம் வந்து விலை பேசப்படும். தேயிலை போய்விட்டது, ஏலக்காய் நிற்கிறது. இடுக்கி மலைக்காய்க்கு இன்றும் போடியில் ஏலம் நடக்கிறது. சரக்கை மேலேயும் கீழேயும் ஏற்றி இறக்கியே வளர்ந்த ஊர் என்பது அதன் கடைவீதியில் நடந்தாலே தெரியும்.

அப்படிப்பட்ட ஊருக்கு ஒரு ரயில் வந்தால்? மேலே ஒரு ரயில், கீழே ஒரு ரயில், நடுவில் கம்பிவடம். வண்டிப் பயணமெல்லாம் கொட்டகுடியிலிருந்து போடி வரையோடு சுருங்கிவிடும். நினைத்துப் பார்த்தாலே மனம் துள்ளுகிறது.

1924 ஜூலை. மழை பிடித்தது, விடவில்லை. மலையாள ஆண்டு 1099 என்பதால் கேரளத்தில் இன்றும் அதைத் தொண்ணூற்றொன்பதாம் வெள்ளம் என்றுதான் சொல்கிறார்கள். மலைகள் சரிந்தன, மூணாறு ஊரே சிதைந்தது. குண்டளை ரயிலின் தண்டவாளங்களையும் பாலங்களையும் வெள்ளம் அள்ளிக்கொண்டு போயிற்று. அந்த ரயிலை யாரும் மறுபடி போடவே இல்லை.

போடிக்கு ரயில் வந்தது 1928 நவம்பர் 20. தென்னிந்திய ரயில்வேயின் மீட்டர்கேஜ் பாதை. மதுரையில் கிளம்பி உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாக ஏறத்தாழ 90 கிலோமீட்டர். நான்கே ஆண்டு! மேல் ரயில் போன பிறகு கீழ் ரயில் வந்தது. இரண்டும் ஒரே காலத்தில் ஒரு நாள்கூட ஓடவில்லை. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

இதற்கிடையில் மேற்கே வேறொரு வழி திறந்துகொண்டிருந்தது. 1935இல் பெரியாற்றின் குறுக்கே நேரியமங்கலம் பாலம் எழுந்தது. மூணாறுச் சரக்குக்கு இனி கொச்சிப் பக்கமும் நல்ல சாலை. போடிக்காரர்கள் இதற்கெல்லாம் அசரவில்லை. தேயிலை திசை மாறினால் என்ன, ஏலக்காயும் காப்பியும் இருக்கின்றன. வாசலில் ரயில் நிற்கிறது.

அந்த ரயில் 14 ஆண்டுகள்கூட முழுதாய் நிற்கவில்லை. 1942இல், போர் உச்சத்தில் இருந்தபோது, போடிப் பாதையில் ஆட்கள் இறங்கினார்கள். பழுது பார்க்க வந்தவர்கள் அல்ல அவர்கள். தண்டவாளத்தையே பெயர்த்தெடுத்துக் கொண்டுபோக வந்தவர்கள். இரும்பும் ரயிலும் இல்லாமல் போடி மறுபடி மாட்டுவண்டிக்குத் திரும்பியதா? பறிபோன பாதை திரும்பிவர எத்தனை ஆண்டு பிடித்தது?

(அடுத்த வாரம்)